தறி இல்லாத கம்பளி

மலருக்கு ஏதாவது ஒரு கைத்தொழிலோட வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. ஊறுகாய், மசாலாப் பொடி, சணல் பை பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. அதனால நான் கம்பளியை எடுத்துக்கிட்டேன். மயிலாப்பூர்ல கம்பளியான்னு சிரிக்காதீங்க. மார்கழி விடியக்காலை மாட வீதி பஜனையைப் போய்ப் பாருங்க, பெரியவங்க பாதிப் பேர் தலையில குரங்குக் குல்லா இருக்கும். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிற வீடுகள்ல குளிர்காலப் பயணத்துக்கு மப்ளர், சாக்ஸ் தேடி அலையறாங்க.

கம்பளின்னா நூல் நூற்று நெய்யணும், இல்லேன்னா ஊசியில பின்னணும்னுதான் நமக்குத் தெரியும். நெய்யாம, பின்னாம, தண்ணியும் சோப்பும் வெச்சு அழுத்தியே துணியாக்குற முறை ஒண்ணு இருக்கு. அதுதான் ஃபெல்ட். ஆட்டு ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கும். சுடுதண்ணி பட்டால் அது விரியும். சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணி விட்டு வாஷிங் மெஷினில் போட்டால் பாப்பா சட்டை அளவுக்குச் சுருங்கி வருமே, அதே விஷயம்தான்.

இது எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். சைபீரியாவில் அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் பழைய கல்லறைகள் இருக்கு. உள்ளே தண்ணி புகுந்து உறைஞ்சு போனதால சாமான் எதுவும் மக்கலை. ரஷ்ய ஆய்வாளர் ருடென்கோ 1947 முதல் 1949 வரை தோண்டிப் பார்த்தார். ஃபெல்ட்டில் செய்த அன்னப் பறவை பொம்மைகள், சுவர்த் தொங்கல், குதிரைச் சேணம் எல்லாம் கிடைச்சது. சுமார் 2,300 வருஷத்துப் பழசு. மங்கோலியாவில் ஆடு மேய்க்கிறவங்க இன்னிக்கும் ஃபெல்ட் போர்த்திய வட்டக் கூடாரத்தில்தான் இருக்காங்க.

நம்ம நாட்டில் இதுக்குப் பேர் போனது காஷ்மீர். அங்கே நம்தான்னு சொல்வாங்க. அக்பரோட குதிரை குளிரில் நடுங்க, அதுக்குப் போர்த்த நூபி என்கிறவர் முதல் நம்தா செய்தார்னு ஒரு கதை உண்டு. பாயில் ரோமத்தை அடுக்கடுக்காப் பரப்பி, சோப்புத் தண்ணி தெளிச்சு, பாயோடு சுருட்டி, காலால் மிதிச்சு உருட்டுவாங்க. மேலே போடுற பூவேலை ஆரி ஊசியில்தான். நம்மில் எத்தனை பேர் பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுறோம்! அந்த ஊசிதான் அங்கே கம்பளியில் பூ போடுது.

அப்படிப்பட்ட தொழில் 1998க்கும் 2008க்கும் நடுவில் ஏற்றுமதி ஏறக்குறைய நின்னே போச்சு. நல்ல ரோமம் கிடைக்கலை, தெரிஞ்ச கைகள் குறைஞ்சது, விற்கத் தெரியலை. இந்த மூணும் எந்தக் குழுவுக்கும் புதுசில்லை. ஸ்ரீநகர் ஆரிஃபா ஜான் என்ற பெண் கைவினைப் படிப்பு முடிச்சதும் பழைய கைவினைஞர்களைத் தேடிப் போய்த் தொழிலை மறுபடி எழுப்பினார். அவர் செய்ததில் எனக்குப் பெரிசாப் படுறது, 175 ரூபாயா இருந்த நாள் கூலியை 450 ஆக்கினதுதான். கூலி கட்டுப்படியாகாத கைத்தொழிலை யார் பிள்ளைக்குச் சொல்லித் தருவாங்க? 2020 மகளிர் தினத்தில் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது வாங்கினார்.

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். மேச்சேரி ஆடு, ராமநாதபுரம் வெள்ளை ஆடு எல்லாம் கறிக்குத்தான், கம்பளி ரோமம் கிடையாது. பெரம்பலூர் பக்கம் திருச்சி கருப்பு ஆடு இருக்கு. நான் பிறந்ததும் அந்தப் பக்கம்தான். அதோட ரோமம் முரடு, கால்மிதி, விரிப்புக்குத்தான் சரிப்படும். குறும்பர்கள் இப்படிப்பட்ட ரோமத்தில் கம்பளி நெய்வாங்க. இப்போ வாங்க ஆளில்லாம எங்க ஊரில் கத்தரிச்ச ரோமத்தை வேலியோரம் கொட்டிட்டுப் போறதைப் பார்த்தால் வயிறு எரியுது.

மெல்லிசு ரோமம் நீலகிரி ஆட்டுக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ மாதிரி வெளிநாட்டு ஆட்டைச் சேர்த்து உருவான இனம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. கழுத்தில் சுத்திக்கிற துணி, குழந்தைக் குல்லா எல்லாம் இந்த ரோமத்தில் செய்யலாம். என் கண்ணில் படுறது இன்னொண்ணு. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விக்கிற நவராத்திரி சமயத்தில், கீழே விழுந்தாலும் உடையாத ஃபெல்ட் பொம்மையும் விக்கலாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அன்னம் செஞ்சிருக்காங்களே.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. கடையில் தாள் மாதிரி மலிவா விக்கிற ஃபெல்ட் ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்தில் ஒரு இழை பிச்சு, தட்டில் வெச்சு, நெருப்புக் காட்டிப் பாருங்க. முடி கருகின நாத்தம் வந்து, சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியானால் அது ஆட்டு ரோமம். உருகி மணி மாதிரி கெட்டியா நின்னுச்சுன்னா அது பிளாஸ்டிக்.