மருந்தடும் பெண்டுகள்: திருமுக்கூடல் ஆதுலசாலையும் பணியாளர் பயிற்சியின் வரலாறும்

வீரராஜேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு 1915ஆம் ஆண்டின் 182ஆம் எண்ணாகப் படியெடுக்கப்பட்டது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராஃபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். ஆனால் அந்தச் சாசனம் சொல்லும் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, நம்மில் பெரும்பாலோர் அறிந்தது நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' வழியாகத்தான். 1930களில் வெளிவந்த அந்தப் பெருநூலில் சாஸ்திரி ஆதுலசாலையைக் கல்வி பற்றிய பகுதியில் வைக்கிறார். எண்ணாயிரம், திரிபுவனை ஆகிய ஊர்களின் கல்லூரிகளை விவரித்துவிட்டுத் திருமுக்கூடலுக்கு வருகிறார். வேதபாடசாலை, மாணவர் விடுதி, அவற்றோடு ஒரு மருத்துவமனை என்பது அவர் காட்டும் சித்திரம். அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்களை நோயாளிகளைக் கவனிக்கும் பணிப்பெண்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

இந்த இரண்டு முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, பின்னால் வந்தவர்கள் திருமுக்கூடலை ஒரு மருத்துவக் கல்லூரியாகவே எழுத வழிவிட்டது. இரண்டாவது, நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியே எழாமல் செய்துவிட்டது. எனக்கு முக்கியம் இந்தக் கேள்விதான். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நர்சிங் ஹோம் என்றால் சில படுக்கைகள் கொண்ட சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே 'சிஸ்டர்' என்று அழைக்கப்படும் பெண்களின் பயிற்சி பற்றி இன்று நடக்கும் பேச்சுக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. அது தவறான இடத்தில் தொடங்கிவிடக் கூடாது.

கல்வெட்டின் கணக்குக்கு வருவோம். வீரசோழன் என்ற பெயர் கொண்ட ஆதுலசாலையில் 15 படுக்கைகள். நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், இவை போக நிலமும். சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு, அதாவது அறுவை செய்பவருக்கு, 30 கலம். மூலிகை கொண்டுவந்து, விறகிட்டு, மருந்து வேலைக்குத் துணை நிற்கும் ஆண்கள் இருவருக்குச் சேர்த்து 60 கலமும் 2 காசும். மருந்தடும், அதாவது மருந்து காய்ச்சும், பெண்டுகள் இருவருக்குச் சேர்த்து 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம், தண்ணீர் கொண்டுவருபவனுக்கு 15 கலம். நாள் கணக்கில் பார்த்தால் வைத்தியருக்கு மூன்று குறுணி, சல்லியக்காரருக்கு ஒரு குறுணி, பெண்களுக்குத் தலைக்கு நான்கு நாழி.

நெல்லை மட்டும் பார்த்தால் சாஸ்திரி சொல்வது பொருந்துகிறது. பெண்கள் நாவிதன், தண்ணீர்க்காரன் வரிசையில், கடைசிப் படியில் இருக்கிறார்கள். அவர் நெல்லோடு நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வைத்தியருக்குக் காசு உண்டு. மூலிகை கொண்டுவரும் இருவருக்கு உண்டு. இந்தப் பெண்களுக்கும் உண்டு. சல்லியக்காரருக்கு இல்லை, நாவிதனுக்கும் தண்ணீர்க்காரனுக்கும் இல்லை. நெல்லில் பெண்களைவிட இரண்டு மடங்கு பெறும் சல்லியக்காரருக்குக் கிடைக்காத காசு இவர்களுக்குக் கிடைக்கிறது. மருந்தோடு தொடர்புள்ள கைகளுக்கு மட்டும் காசு என்ற ஒழுங்கு இங்கே தெரிகிறது. நெல் வயிற்றுக்கு, காசு கைவேலைக்கு என்று இதைப் படித்தால், இந்தப் பெண்களைத் தண்ணீர்க்காரனோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது.

காசு துணிக்காகக் கொடுக்கப்பட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அப்படியானால் சல்லியக்காரருக்குத் துணி வேண்டாமா? அவருக்கு வேறு வழியில் மானியம் இருந்திருக்கலாம் என்றால், நிலம் பெற்ற வைத்தியருக்கு ஏன் 8 காசு? ஒரே ஒரு சாசனத்தின் ஒரே ஒரு பத்தியை வைத்து இதற்கு மேல் தள்ள முடியாது. ஆனாலும் பணிப்பெண்கள் என்ற முடிவைவிட, மருந்து அறிந்த பெண்கள் என்ற முடிவுக்கே இந்தக் கணக்கு நெருக்கமாக நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர்கள் செய்த வேலையையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சாசனம் பட்டியலிடும் மருந்துகளில் அரீதகிகள் உண்டு, தைலங்கள் உண்டு, பில்வாதி கிருதம் போன்ற நெய் மருந்துகளும் உண்டு. நெய்யும் எண்ணெயும் காய்ச்சுவது கஞ்சி காய்ச்சுவது போன்ற வேலையல்ல. அடியில் கிடக்கும் கற்கத்தை, அதாவது மருந்து விழுதை, எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. தைலம் முடியும் நேரத்தில் நுரை எழும், நெய் முடியும் நேரத்தில் நுரை அடங்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் ஒன்றை முந்தி இறக்குவார், மற்றதைக் கருக்குவார். மெழுகுபதம், மணற்பதம் என்று நம் வைத்தியசாலைகளில் இன்றும் பேசப்படும் இந்தப் பதம் கண்ணும் விரலும் பல காலம் பழகி வருவது. அடுதல் அந்தப் பெண்களின் வேலையாக இருந்தால், பதம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றால் எங்கோ கற்றிருக்க வேண்டும்.

எங்கே என்பதில்தான் சாஸ்திரியின் முதல் முடிவு குறுக்கே நிற்கிறது. மருத்துவமனை கல்விக்கூடத்தின் ஓர் அங்கம் என்றால், பயிற்சியும் அங்கேயே நடந்தது என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் அதே சாசனம் ரிக்வேதத்துக்கு 10 மாணவர், யஜுர்வேதத்துக்கு 10, வியாகரணத்துக்கும் ரூபாவதாரத்துக்கும் 20 என்று கணக்குச் சொல்லிக்கொண்டு போகிறது. பாஞ்சராத்திரம் முதலியவற்றோடு சேர்த்துப் பாடசாலையில் மொத்தம் 60 பேர். மருத்துவம் படிப்பவருக்கென்று அந்தக் கணக்கில் இடமில்லை. ஆசிரியர் வரிசையிலும் மருத்துவத்துக்கு ஆளில்லை. அசுவத்தாம பட்டனின் வேலை சிகிச்சை. பாடம் சொல்வது அன்று. எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்தார்கள், திரிபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்தச் சாசனங்களில் ஆதுலசாலை வரவில்லை. கல்லூரி இருந்தால் மருத்துவமனை உடன் வரும் என்ற விதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மௌனத்திலிருந்து வாதம் எழுப்புவது பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் உப்புக்கும் விளக்கெண்ணெய்க்கும் கணக்கு எழுதும் மரபில், ஓர் ஆசிரியரின் கூலி எழுதாமல் விடப்பட்டிருக்கும் என்பதை ஏற்பது அதைவிடக் கடினம்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. சாசனம் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரராஜேந்திரன் ஏறிய ஆண்டை 1062 என்று கொள்வதா 1063 என்று கொள்வதா என்பதைப் பொறுத்து 1067, 1068, 1069 என்று நூலுக்கு நூல் மாறுகிறது. என் வாதத்துக்கு இந்த வேறுபாடு பாதகமில்லை என்பதால் அதைத் தீர்க்க முயலவில்லை.

மருத்துவப் படிப்புக்கு நிவந்தம் என்று தெளிவாகக் காணக் கிடைப்பது அதற்கு அரை நூற்றாண்டு பின்னால், விக்கிரமசோழன் காலத்துத் திருவாவடுதுறையில், 1121இல். அஷ்டாங்க இருதயமும் சரக சம்ஹிதையும் படிப்பவர்களுக்கு அங்கே ஒரு மடத்தில் உணவு ஏற்பாடு. அதுவும் வைத்தியர் ஆகப்போகிறவர்களுக்கு. மருந்து அடுபவர்களுக்கும், இரவில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பவர்களுக்கும் அங்கேயும் இடமில்லை.

எஞ்சிய வழி குடும்பம். பாண்டிய நாடு இதற்கு நல்ல சான்று தருகிறது. மதுரை ஆனைமலை நரசிம்மர் குடைவரையை எடுத்த மாறன்காரி, கலியாண்டு 3871இல், அதாவது பொ.ஆ. 770இல், பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி. அவர் வைத்திய குலத்தவர். ஊர் கரவந்தபுரம், இன்றைய உக்கிரன்கோட்டை. திருப்பரங்குன்றத்துச் சாத்தன் கணபதியும் அதே குலம். மந்திரி பதவி வரை உயர்ந்த பின்னும் மருத்துவம் குலப்பெயராக ஒட்டியிருக்கிறது என்றால், அறிவு வீட்டுக்குள் கைமாறியது என்று பொருள். ஸ்ரீரங்கத்தில் சக 1415இல், அதாவது 1493இல், கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்தபோதும் அது ஒரு குடும்பத்தின் பொறுப்பாகவே இருந்தது. திருமுக்கூடலின் பெண்கள் வைத்தியர் வீட்டுப் பெண்களா, மூலிகைக்காரர் வீட்டுப் பெண்களா என்பதைச் சாசனத்திலிருந்து தீர்மானிக்க இயலாது. என் ஊகம் இரண்டாவது. இருவர் இருவராக, அடுத்தடுத்து எழுதப்பட்டு, இருவகையினருமே காசு பெறுவதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

திருமுக்கூடலிலிருந்து எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறேன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நர்சுகளுக்கான பயிற்சி தொடங்கியபோதுதான், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு படிப்பு உண்டு என்பது நிறுவன அளவில் ஏற்கப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1926இல் மதராஸ் நர்ஸ் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது; பதிவேட்டில் பெயர் ஏறியது. என்றாலும் 1946இல் போர் (Bhore) குழு எண்ணிப் பார்த்தபோது இந்தியா முழுமைக்கும் சுமார் 7,000 நர்சுகள்தான், 43,000 பேருக்கு ஒருவர்.

இந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்ததுதான் தென்மாவட்டத்து நர்சிங் ஹோம். பட்டயம் பெற்ற நர்சுகள் அரசுப் பணிக்கும் பெருநகரங்களுக்கும் போனார்கள். சிற்றூர் மருத்துவர் பக்கத்துக் கிராமத்துப் பெண்களை வேலைக்கு எடுத்து, ஊசி போடவும் ட்ரிப் ஏற்றவும் தாமே சொல்லிக்கொடுத்தார். குடும்ப வழி போய், முதலாளி வழி வந்தது. இந்த வழியைக் குறைத்துப் பேசுவோர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்க வேண்டும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனம், பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டாண்டு உள்பயிற்சி கொடுத்தே வளர்ந்தது. வேலையிடத்திலேயே பயிற்றுவது குறையன்று. என்ன கற்பிக்கப்பட்டது, கற்றது கைக்கு வந்ததா என்று எழுதிச் சரிபார்க்காமல் விடுவதுதான் குறை.

அந்த எழுத்துக்கான கட்டாயம் மிகத் தாமதமாக வந்தது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. இடையில் 2016இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், நோயாளியிடம் பணம் வாங்காமல் காப்பீட்டின் பேரில் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள், மருத்துவமனைத் தரச்சான்று வாரியமான என்ஏபிஎச்சின் தொடக்கநிலைச் சான்று அல்லது அதற்கு இணையான அரசுத் தரச்சான்று பெற வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. சட்டத்தைவிட இந்த நிபந்தனைதான் பல சிறிய நர்சிங் ஹோம்களில் பயிற்சிப் பதிவேட்டைத் திறக்க வைத்தது என்று நான் கருதுகிறேன். காப்பீட்டு அட்டையோடு வரும் மில் தொழிலாளியைத் திருப்பி அனுப்ப எந்த மருத்துவருக்கும் மனம் வராது, வசதியும் இருக்காது.

பதிவேட்டில் எழுதப்படும் பயிற்சி எப்படிப்பட்டது என்பதற்கு இராஜபாளையத்துக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லலாம். பக்கத்துச் சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் அறுவை அரங்குகளுக்குப் போகிறது. ரத்தத்தில் நனைந்த காஸ் துணி வயிற்றுக்குள் உறுப்போடு உறுப்பாகத் தெரியாமல் போய்விடும். அதனால் அறுவைக்கு முன் எண்ணிக் கொடுத்ததை, தைப்பதற்கு முன் எண்ணிச் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில், நோயாளி அரங்கை விட்டுப் போகுமுன் கருவி, துணி, ஊசி மூன்றின் எண்ணிக்கையும் சரி என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்று குறைகிறது என்றால், மூத்த சர்ஜனிடம் "டாக்டர், தைக்க வேண்டாம், ஒரு துணி குறையுது" என்று சொல்லும் துணிவையும் பழக்க வேண்டும். ஊர்ப்புறத்துப் பெண், தன்னை வேலைக்கு வைத்த மருத்துவரிடம் இதைச் சொல்லப் பழகுவதுதான் பயிற்சியின் மிகக் கடினமான பாடம். கை கழுவும் ஐந்து தருணங்களைச் சுவரில் ஒட்டிவிடலாம். இதை ஒட்ட முடியாது.

நர்சுகளின் எண்ணிக்கை நியதியிலும் சிக்கல் உண்டு. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். திருமுக்கூடலில் 15 படுக்கைக்கு இரண்டு பெண்கள், இரவு விளக்குக்கு எண்ணெய். அந்த இருவர் இரவு பகலாக முறைவைத்து நின்றார்களா, மருந்தடுவதோடு அவர்கள் வேலை முடிந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி. இரண்டாவதுதான் உண்மை என்றால், என் வாதம் ஒரு பக்கம் வலுக்கும், மறு பக்கம் இளகும். அவர்கள் மருந்து அறிந்தவர்கள் என்பது உறுதியாகும். ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்றவர் யார் என்ற இடம் காலியாகிவிடும். அந்த இடத்தில் நோயாளியின் வீட்டார் நின்றிருக்கக் கூடும். நம் வார்டுகளில் இன்றும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, ட்ரிப் தீர்ந்ததும் சிஸ்டரைக் கூப்பிட ஓடுவது அவர்கள்தான். அவர்களுக்கான பயிற்சி எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை.

அடுத்து வருவோருக்கு ஒரு வேண்டுகோள். திருமுக்கூடல் சாசனம் வைத்தியரின் பெயரையும் ஊரையும் சொல்கிறது, பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. இன்றைய பயிற்சிப் பதிவேடுகளில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கற்றது இன்னதென்று இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. சான்று புதுப்பித்த கையோடு அவற்றைப் பழைய தாள் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. மாவட்டத்தின் ஏதேனும் ஒரு கல்லூரி நூலகம் அவற்றை, நோயாளி விவரங்களை நீக்கிவிட்டு, வாங்கி வைக்க முன்வர வேண்டும். 2018க்கு முந்திய, மருத்துவர்கள் தம் கைப்பட எழுதிய பயிற்சிக் குறிப்பேடுகள் யாரிடமேனும் இருந்தால் அவற்றை முதலில் சேர்க்க வேண்டும். முதலாளி வழிப் பயிற்சி தென்மாவட்டங்களில் எந்தப் பத்தாண்டில் வேரூன்றியது என்பதை அவற்றைக் கொண்டுதான் நிறுவ முடியும்.