சவுக்கும் முறைப்பாடும்

எமது கூட்டங்களில் லெனார்ட் வூல்ஃபின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். 1938இல் பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு அவர் எழுதிய குறிப்பொன்றில், இலங்கைச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்குச் சுவிற்சர்லாந்து மாதிரியான சமஷ்டியையும் ஆராயலாம் என்றிருந்தார். வெள்ளைக்காரனே அன்று சொல்லிவிட்டான் என்று நாம் மகிழ்கிறோம். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் படிப்பித்தேன்.

ஆனால் 1905 ஜனவரியில், 24 வயதில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அவர் வந்தது ஆள்வதற்கு. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமை, 1907இல் கண்டி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். அங்கே கொள்ளைநோய் கண்ட மாடுகளைச் சுட்டு ஊராரின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். நேர்மையான, கடுமையான அதிகாரி.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அவர்மீது ஒரு முறைப்பாடு போனது. குதிரையில் சென்ற வூல்ஃப், தெருவில் வந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் மேலிடத்துக்கு எழுதியது. அடிக்கவில்லை, அரசாங்க அதிபருக்கு எதையோ சவுக்கால் சுட்டிக்காட்டினேன் என்பது அவர் பதில். 1961இல் வெளியான தன்வரலாற்றில் அவர் மேலும் ஒருபடி போகிறார்: அடி விழவில்லை, ஆனால் அவர்களுடைய பிரதான வீதியில் தான் குதிரைமேல் இருந்த இருப்பே ஓர் அறைதான் என்ற பொருளில் ஒப்புக்கொள்கிறார்.

1912இல் பதவியைத் துறந்தார். 1920இல் ஆபிரிக்காவில் ஏகாதிபத்தியமும் வர்த்தகமும் பற்றிய அவரது நூல் வந்தது. அப்போது அவர் வாழ்ந்த றிச்மண்ட், நான் இருக்கும் சவுத்தாலிலிருந்து சில மைல்தான். 1884இல் கார்ள் பீற்றர்ஸ் கிழக்காபிரிக்கத் தலைவர்களிடம் சில வாரங்களில் ஒப்பந்தக் கடதாசிகளைச் சேர்த்தார். மறுவருடமே ஜெர்மன் பேரரசின் பாதுகாப்புப் பட்டயம் கிடைத்தது. இதையெல்லாம் ஆராயும் நூல் அது. குதிரையிலிருந்து இறங்கியவர் எழுதியது.

ஆனால் முறைப்பாடு எழுதியவர்களுக்கு அந்த நூல் தேவைப்படவில்லை. அவருக்குப் பல வருடங்கள் எடுத்தது, அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதில் விளங்கியது. 1938 குறிப்பை எறிந்துவிடச் சொல்லவில்லை. அதைத் தூக்கிப்பிடிக்கும் நாம் இந்த முறைப்பாட்டை ஏன் மறந்தோம் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பக்டரியில் சூப்பவைசர் என் பெயரைச் சொல்லாமல் பேனையால் சுட்டிக் கூப்பிடும்போதுதான் அது எனக்கு வந்தது. சவுக்கு நீண்டது சட்டத்தரணியின் பக்கம் என்றபடியால் சங்கம் எழுதியது. அதே வீதியில் சீவல் தொழிலாளி ஒருவர் போயிருந்தால், எங்கள் பெரியவர்கள் பேனையை எடுத்திருப்பார்களா?