மைசன் தெரு வியாபாரிப் பொம்மைகள்

பாரிஸ் நகரத் தெருக்களில் கூவி விற்றவர்களின் உருவங்களாக, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசன் பீங்கான் ஆலை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த சிறு பொம்மைகள். ‘பாரிஸ் கூவல்கள்’ எனப்படும் இவை நளின அலங்காரம் மிகுந்த ரொக்கோகோ கலைப்பாணியைச் சேர்ந்தவை.

முன்னோடிகள்: தெரு வியாபாரிகள் முதலில் ஓவியத்தில்தான் இடம்பெற்றார்கள். இத்தாலியில் பொலோன்யா நகரத் தொழிலாளர்களை அன்னிபாலே கராச்சி (1560–1609) வரைந்தார். அவை 1646இல் அச்சுப்படங்களாக வெளிவந்தன. பாரிஸில் எத்ம் பூஷார்தோன் வரைந்த வியாபாரிகளின் படங்கள் 1737 முதல் 1746 வரை 60 தகடுகளாக வெளியாயின. சுமையும் களைப்பும் மறைக்கப்படாத படங்கள் அவை.

மைசனில்: ஐரோப்பாவில் கடினப் பீங்கான் செய்யும் முறையை பட்கர் என்பவர் 1708இல் கண்டறிந்தார். அதைக் கொண்டு சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் அகஸ்டஸ் 1710இல் மைசன் ஆலையை நிறுவினார். 1731இல் அங்கு சேர்ந்த சிற்பி யோகான் யோவாகிம் கேண்ட்லரும், 1743இல் சேர்ந்த பேட்டர் ரைனிக்கேயும் பூஷார்தோனின் படங்களைப் பார்த்து முதல் வரிசைப் பொம்மைகளை உருவாக்கினர். 1750களில் வந்த இரண்டாம் வரிசைக்கு கிறிஸ்தோஃப் யூவேயின் ஓவியங்கள் அடிப்படை. இவற்றில் ஆடை நேர்த்தியானது, நிற்கும் நிலை நளினமானது. கந்தலும் களைப்பும் மறைந்துவிட்டன.

செய்முறை: மூல உருவத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சிலிருந்து எடுத்த கை, தலை, கூடை ஆகியவற்றைத் தனித் தொழிலாளர்கள் ஒட்டிச் சேர்ப்பார்கள். ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது பொம்மை சுமார் ஆறில் ஒரு பங்கு சுருங்கும், களியும் இளகும். உருவம் சாயாமலிருக்கவே பின்னால் பீங்கானிலேயே வடித்த ஓர் அடிமரம் முட்டுக்கொடுக்கும். மெருகின் மேல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மீண்டும் சுடுவார்கள்.

பயன்பாடு: அரண்மனை விருந்தின் இறுதியில் இனிப்பு பரிமாறும் மேசையைச் சர்க்கரையிலும் மெழுகிலும் செய்த உருவங்களால் அலங்கரிப்பது வழக்கம். நீடித்து நிற்காத அந்த உருவங்களின் இடத்தைப் பீங்கான் பிடித்துக்கொண்டது. எலுமிச்சை விற்பவரும் மீன்காரியும் பிரபுக்களின் மேசைக்கு வந்தது இப்படித்தான்.

பரவல்: 1756இல் ஏழாண்டுப் போர் மூண்டு, மைசன் பிரஷ்யாவின் கைக்குப் போனது. இதற்கிடையே பிற ஆலைகளும் இத்துறையில் இறங்கின. நிம்ஃபன்பூர்க் ஆலையில் சிற்பி புஸ்டெல்லியும், வியன்னா ஆலைச் சிற்பிகளும் தங்கள் வியாபாரி உருவங்களை வடித்தனர். லுட்விக்ஸ்பூர்க் ஆலை ‘வெனிஸ் சந்தை’ என்ற பெயரில் கடைகளும் மனிதர்களுமாக ஒரு சிற்றுருவச் சந்தையையே படைத்தது. நூற்றாண்டின் இறுதியில் புதுச்செவ்வியல் பாணி ஓங்கவே இந்த மோகம் தணிந்தது.

மதிப்பீடு: பொம்மைகளின் தூய ஆடை வாங்கியவர்களின் ரசனையைக் காட்டுகிறதே தவிர, தெருவின் உண்மையை அல்ல. ஆயினும் யார் எதை விற்றார்கள், எப்படிச் சுமந்தார்கள் என்பதற்கு இவை அருமையான சாட்சி. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இவற்றைக் காணலாம். வடித்த சிற்பியின் பெயர் அங்கே இருக்கிறது. வடிக்கப்பட்டவர் தம் தொழிலின் பெயரால் மட்டுமே அறியப்படுகிறார்.