போனுக்கும் ஒரு விலாசம்: கொமியூனிகேஷன் கடை முதல் ஐபிவி6 வரை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கொமியூனிகேஷன் கடை ஞாபகம் இருக்கும். கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். சவூதியில் இருந்து வாப்பா கோல் எடுப்பார். கடைக்காரர் ஒரு பொடியனை அனுப்பி உம்மாவைக் கூப்பிடுவார். நாம் வெளியே பேசுவது லேசு. வெளியில் இருந்து நம்மைத் தேடி வருவதுதான் கஷ்டம், ஏனென்றால் ஒரே நம்பருக்குப் பின்னால் முழு ஒழுங்கையும் நின்றது. இன்று நமது ஸ்மார்ட்போன்கள் பலவும் இணையத்தில் அப்படித்தான் நிற்கின்றன.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் விலாசம் வேண்டும். 1981ல் வகுத்த ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி விலாசங்கள்தான். அன்றைய உலக சனத்தொகையே அதைவிடக் கூட. ஆனால் கணினியைச் சட்டைப்பையில் கொண்டு திரிவோம் என்று அன்று யார் நினைத்தது? எம்.ஐ.டி. என்ற ஒரே அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம் 1 கோடி 60 லட்சத்துக்கு மேல் விலாசங்கள் இருந்தன! முந்திப் போனவர்களுக்கு முதல் பந்தி. நாம் கடைசிப் பந்தி.

இவ்வளவுக்கும் செல்போனில் இலங்கை பிந்தவில்லை. 1989ல் செல்டெல் ஆரம்பித்தபோது தெற்காசியாவிலேயே அதுதான் முதல் சேவை. யுத்தத்தால் நம் பக்கம்தான் பிந்தியது, 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகே கைக்குக் கை போன் வந்தது. 2011 பெப்ரவரி 3ல் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகளும் பங்கிடப்பட்டு முடிந்தன. அடுத்த ஏப்ரலிலேயே நமது ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பங்கும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மற்றப் பிராந்தியங்களை முந்தி வரண்டது நம்முடையதுதான்.

அதனால் ஒரே விலாசத்தைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோடும் முறை பரவியது. பரீட்சை முடிவு வரும் நாளில் இதன் வலி தெரியும். ஒரே விலாசத்தில் இருந்து நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தால், சில தளங்கள் அதை ஒரு இயந்திரத்தின் தொல்லை என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடும். பிள்ளையின் போனில் ஒரு குறையும் இருக்காது.

மாற்று வழி 1998லேயே எழுதப்பட்டது, ஐபிவி6. அதில் விலாசத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் என்னவென்றால் பழையதும் புதியதும் நேருக்கு நேர் பேசாது, நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அண்ட்ரொய்டில் அந்த ஏற்பாடு 2013ல், 4.3 பதிப்போடு வந்தது. ஐபிவி6 மட்டும் உள்ள வலையமைப்பிலும் செயலிகள் இயங்க வேண்டும் என்று ஆப்பிள் 2016 ஜூனில் கட்டாயமாக்கியது. அதே செப்டெம்பரில் இந்தியாவில் ஜியோ ஐபிவி6ஐ நம்பியே சேவையைத் தொடங்கியது. ஐபிவி6 பாவனையில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வர அது பெரிய காரணம்.

சென்ற வருடம் ஒரு தாய், மகனுக்குப் புதுப் போன் வாங்கத் தோட்டை அடகு வைக்கப் போனார். வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பிய போனில் டேட்டா ஓடவில்லையாம், "இது நம்ம நாட்டுக்குச் சரிவராது" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். வாங்கிப் பார்த்தேன். ஏபிஎன் புரொட்டோகோல் என்ற இடத்தில் ஐபிவி6 மட்டும் தெரிவாகி இருந்தது. மாற்றினேன், ஓடியது.

அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், மொபைல் நெட்வேர்க், அக்சஸ் பொயின்ட் நேம்ஸ் என்று போங்கள். ஏபிஎன் புரொட்டோகோலில் "ஐபிவி4/ஐபிவி6" என்று இரண்டும் சேர்ந்ததைத் தெரிவுசெய்து சேவ் பண்ணுங்கள். பிறகு போனை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பாடசாலை விட்டதும் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.