ஓயா ஓயா ஓயா: ஒருசொல் வாக்கியம் பற்றிய ஆய்வு

1. ஆய்பொருள்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறி, மறுபுறம் இலுக்கும்புர நோக்கி இறங்குவோருக்குத் தெல்கமு ஓயா பழகிய பெயர். ஓயா சிங்களச் சொல். ஆற்றைவிடச் சிறிய நீரோட்டத்தைக் குறிப்பது. இலங்கைத் தமிழில் நாம் அதை மொழிபெயர்ப்பதில்லை. கல்லோயா, மா ஓயா, தெதுறு ஓயா என்றே எழுதுகிறோம். தமிழுக்குள் நுழைந்ததும் அது ‘ஓய்தல்’ என்னும் வினையின் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டது. அந்த அண்டைவீட்டு உறவில் பிறப்பதுதான் ‘ஓயா ஓயா ஓயா’ என்ற தொடர். இது பிழையற்ற, நிறைவான தமிழ் வாக்கியம் என நிறுவுவதே என் நோக்கம்.

2. ஆங்கிலத்தின் எருமைகள்

ஒரே சொல்லால் ஆன இவ்வகை வாக்கியத்துக்கு உலகறிந்த சான்று ஆங்கிலத்தில் உள்ளது. அதில் ‘பஃபலோ’ என்ற ஒரே சொல் எட்டு முறை வருகிறது. நியூயோர்க் மாநிலத்து நகரம், எருமை, மிரட்டுதல் ஆகிய மூன்றுக்கும் அதுவே சொல். எருமை பன்மையிலும் உருமாறுவதில்லை. எழுவாயையும் செயப்படுபொருளையும் உருபு பிரிப்பதில்லை. ஆகவே வாசிப்பவர் திகைக்கிறார்.

அதையே தமிழாக்கிப் பார்க்கலாம்: பஃபலோ எருமைகள் மிரட்டுகிற பஃபலோ எருமைகள், பஃபலோ எருமைகளை மிரட்டுகின்றன. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ‘கள்’ பன்மையைக் காட்டுகிறது, ‘ஐ’ செயப்படுபொருளைக் காட்டுகிறது, பெயரெச்சமும் வினைமுற்றும் தத்தம் விகுதியால் வேறுபடுகின்றன. தமிழில் இத்தகைய வாக்கியம் அரிதாவதற்குக் காரணம் இந்த விகுதிகளும் உருபுகளுமே.

3. நம் மரபு சென்ற வழி

அதனால் நம் புலவர்கள் சொல்லை விட்டு எழுத்துக்கோவையைப் பிடித்தார்கள். தண்டியலங்காரம் மடக்கு என்பது இதைத்தான்: ஒரே எழுத்துத் தொகுதி மீண்டும் வரும், பொருள் மட்டும் வேறாகும். ஞானசம்பந்தரின் திருஏகபாதத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே அடி நான்கு முறை வருகிறது. பிரிக்கும் இடம் மாறப் பொருள் மாறுகிறது. ஈழத்தில் ஒல்லாந்தர் காலத்தில் வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார்மேல் பாடிய கல்வளை அந்தாதி, யமகம் எனவும் வழங்கும் இதே மடக்கால் அமைந்தது.

இவற்றுக்கெல்லாம் வேர் தொல்காப்பியப் புணரியலில் இருக்கிறது. எழுத்தளவில் ஒன்றாகத் தோன்றும் தொடர்களை ஒலிக்கும் முறையே பொருள் பிரிக்கும் என்கிறார் ஆசிரியர். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு அழகானது: ‘செம்பொன்பதின்றொடி’ என்பதை ஒரு விதமாகப் பிரித்தால் பத்துத் தொடி செம்பொன், இன்னொரு விதமாகப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. ஒரு மூச்சு இடைவெளியில் பொன் செம்பாகிவிடுகிறது!

4. ஓயா

இப்போது நம் தொடர். முதல் ‘ஓயா’, ஓயாத என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘வாடா மலர்’ போல. இரண்டாவது, நீரோட்டத்தின் பெயர். அது பால்பகா அஃறிணைப் பெயர். ‘யானை வந்தது, யானை வந்தன’ என இரண்டும் பொருந்துவதுபோல் ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே நிற்கும். எழுவாய் என்பதால் உருபும் இல்லை. மூன்றாவது, பலவின்பால் எதிர்மறை வினைமுற்று. ‘மாடுகள் உண்ணா’ என்பதுபோல. ஓய்வில்லாத நீரோட்டங்கள் ஓயமாட்டா என்பது பொருள். புணர்த்து எழுதினால் ஓயாவோயாவோயா.

பெயரெச்சத்தின் ஈறு கெட்டது, பெயரின் பன்மை விகுதி மறைந்தது, வினைமுற்று ‘ஆ’வில் முடிந்தது. தமிழ் தன் அடையாளங்களைக் கழற்றி வைக்கிற மூன்று இடங்கள் அருகருகே அமைய, அவற்றின் நடுவில் ஒரு சிங்களச் சொல் பொருந்தி நிற்கிறது. இதைவிட இனிய மொழிக் கலப்பை நான் அறியேன்.

சிங்களத்தில் அச்சொல் குறிலாக ‘ஒய’ என்றே ஒலிக்கும். அங்கே அதே ஒலி, கேட்பவர் அருகிலுள்ளதைச் சுட்டவும் பயன்படும்; யாழ்ப்பாணத்து ‘உந்த’வுக்கு நேரான சுட்டு அது. எனவே ‘ஒய ஒய’ என்றால் ‘உந்த ஓடை’. எல்லையின் இருபுறமும் இந்தச் சொல் இரட்டைப் பிறவிதான்.

5. ஓசை

மூன்று சொற்களையும் வேறு விதமாகவும் வாசிக்கலாம். முதற்சொல்லுக்குப் பின் சற்று நிறுத்தினால் அதுவே எழுவாய். மற்ற இரண்டும் அடுக்குத்தொடர். நீரோட்டங்கள் ஓயா, ஓயா என உறுதிகூறும் வாக்கியமாகிறது. ஏட்டில் இரண்டும் ஒன்றே. தொல்காப்பியர் சொன்னபடி செவிதான் தீர்ப்பளிக்க வேண்டும்.

இசை நிறைக்க ஒரு சொல்லை நான்கு முறை வரை அடுக்கலாம் என்பது இலக்கணம். பெயரெச்சம் ஒன்று, எழுவாய் ஒன்று, அடுக்கிய வினை நான்கு எனக் கூட்டினால் வாக்கியத்தின் பேரெல்லை ஆறு ஓயா. ‘ஆறு ஓயா’ என்பதும் வாக்கியமே. ஆறும் பால்பகாப் பெயர்தான்.