விண்ணில் நகரும் தொலைநோக்கி குறி தவறாமல் நோக்குவது எப்படி?

மும்பை: மாஹிம் கடற்கரையில் நிற்பவருக்கு 3 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு சிறியதாகத் தெரியுமோ, ஏறத்தாழ அந்த அளவு நுண்ணிய கோணத்தைப் பிரித்தறியக்கூடியது இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலத்தில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி. அக்கோணம் சுமார் 1.5 வில்விநாடி ஆகும். ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே ஒரு வில்விநாடி.

கடந்த 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் மூலம் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், சுமார் 650 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுமாறு நிலைநிறுத்தப்பட்டது. இதன் முக்கிய எக்ஸ்ரே கருவிகளை மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

நிலைநிறுத்தும் முறை

விண்கலம் திரும்பியுள்ள திசையை நட்சத்திர உணரிகளும் கைரோஸ்கோப்புகளும் அளவிடுகின்றன. உள்ளே உள்ள சக்கரத்தின் வேகம் ஒரு திசையில் கூட்டப்பட்டால், விண்கலம் எதிர்த்திசையில் திரும்பும். சக்கரங்களில் சேரும் மிகைச் சுழற்சியை, பூமியின் காந்தப்புலத்தைப் பயன்படுத்தும் மின்காந்தச் சுருள்கள் குறைக்கின்றன.

இதன் பிறகும் மெல்லிய நகர்வு எஞ்சுகிறது. அதைத் தடுக்க முயல்வதற்குப் பதிலாக, விஞ்ஞானிகள் அதனை அளவிடுகின்றனர். தொலைநோக்கியின் கண்ணுறு ஒளிப் பிரிவு நட்சத்திரங்களைத் தொடர்ந்து படம்பிடிக்கிறது. அவை இடம்பெயர்ந்த அளவைக் கொண்டு, புற ஊதாப் படங்கள் தரையில் திருத்தி ஒன்றிணைக்கப்படுகின்றன.

தகவமைப்புக் கட்டுப்பாடு

வழக்கமான கட்டுப்பாட்டு முறையில், பிழையைத் திருத்தும் விசையின் அளவுகள் முன்னரே நிர்ணயிக்கப்படுகின்றன. ஆனால், விண்கலத்தின் இயல்புகள் காலப்போக்கில் மாறக்கூடும். எதிர்பார்த்த அசைவையும் உண்மையான அசைவையும் ஒப்பிட்டு, அந்த அளவுகளைத் தானே மாற்றிக்கொள்வதே தகவமைப்புக் கட்டுப்பாடு.

எதிர்பாராத அசைவுக்கு நாசாவின் ஹப்பிள் தொலைநோக்கி சிறந்த உதாரணம். 1990-இல் ஏவப்பட்ட அது, இருளுக்கும் வெயிலுக்கும் இடையே கடக்கும்போதெல்லாம் சூரியத் தகடுகள் வெப்ப மாற்றத்தால் அதிர்ந்ததால் நடுங்கியது. 1993-இல் அத்தகடுகள் மாற்றப்பட்டன.

பலன் என்ன?

கடந்த 2016 அக்டோபரில் அஸ்ட்ரோசாட் ஒரே வான்பகுதியை 28 மணி நேரத்துக்கும் மேலாக நோக்கியது. அத்தரவுகளிலிருந்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் தீவிர புற ஊதா ஒளி கண்டறியப்பட்டது. புணே ஐயூக்கா மைய விஞ்ஞானி கனக் சாஹா தலைமையிலான குழுவினரின் இக்கண்டுபிடிப்பு 2020 ஆகஸ்டில் வெளியானது. நகர்வு திருத்தப்படாதிருந்தால், அந்த மங்கலான ஒளி படத்தில் சிதறி மறைந்திருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.