நல்லதங்காள் கதையின் முடிவுகளும் கேட்போர் எதிர்வினையும்: வைப்பாற்றுப் படுகையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பஞ்சத்தால் பிறந்தகம் வந்து, அங்கும் சோறின்றித் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் மாண்ட நல்லதங்காளின் கதை, விருதுநகர் மாவட்டத்து அர்ச்சுனாபுரத்தைக் களமாகக் கொண்டது. இக்கதை பெரிய எழுத்து நூலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் வழங்கி வந்துள்ளது. அதன் முடிவு எல்லாப் பாடங்களிலும் ஒன்றாக இல்லை. இறந்தோர் உயிர்த்தெழுதல், தெய்வமாதல், கதவடைத்தவள் தண்டிக்கப்படுதல் ஆகிய முடிவுக் கூறுகளைக் கேட்போரின் எதிர்வினையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மறுமையிடம் இக்கதையின் மக்கள் ஆறுதலோடு நீதியையும் கேட்டனர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நல்லதங்காள், கதைப்பாடல், பெரிய எழுத்து, அகால மரணம், தெய்வமாதல், கேட்போர் எதிர்வினை.

முன்னுரை

ஒரு படைப்பை வாசித்தோர் அதனை எவ்வாறு ஏற்றனர் என்று அறிய, அச்சிட்ட நாவலைப் பொறுத்தவரை மதிப்புரைகளும் வாசகர் கடிதங்களும் உதவும். வாய்மொழியாகவும் கூட்டு வாசிப்பாகவும் பரவிய கதைப்பாடல்களுக்கு அத்தகைய சான்றுகள் மிகக் குறைவு. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் வெறுமனே கேட்டிருந்தவர்கள் என்று கொள்வதற்கில்லை. அவர்களது எதிர்வினை வேறு வடிவங்களில் பதிவாகியுள்ளது. கதையின் முடிவை மாற்றுதல், கதைமாந்தரின் பெயரை வசைச்சொல்லாக்குதல், இறந்தவளுக்குக் கோயில் எடுத்தல் ஆகியன அவ்வடிவங்கள். நல்லதங்காள் கதையில் இம்மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன.

கதையும் அதன் நிலமும்

நல்லதங்காள் அர்ச்சுனாபுரத்தில் பிறந்து மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். 12 ஆண்டுகள் மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாட, பிள்ளைகளைக் காக்க அண்ணன் நல்லதம்பியின் வீட்டை நாடி வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லாத வேளையில் அவன் மனைவி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். வீட்டிலிருக்கும் உணவை மறைத்துப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாள். மனம் உடைந்த நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாழுங்கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். தன்னை மட்டுமாவது விட்டுவிடுமாறு மன்றாடும் மூத்த மகனின் காட்சி, கதையைக் கேட்ட எவரும் மறவாத இடம்.

அர்ச்சுனாபுரம் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. அங்கு நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் காட்டப்படுகிறது. இப்பகுதியின் அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கலப்பது. வைப்பாற்றுப் படுகையின் கிழக்குப் பகுதியில் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, சாத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. மலையடிவாரத்தில் நெல்லும் தென்னையும் விளைய, கிழக்கே செல்லச் செல்ல வானம் பார்த்த கரிசல் பூமி விரிகிறது. மழை பொய்த்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற கேள்வி இந்நிலத்து மக்களுக்குக் கற்பனையன்று. 1876-78 ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அப்பஞ்சத்தைக் கண்ட தலைமுறையும் அதன் பிள்ளைகளும் நல்லதங்காள் கதையைக் கேட்டபோது, அதைப் பழங்கதையாக மட்டும் கேட்டிருக்க இயலாது.

வாசிப்போரும் கேட்போரும்

1835 ஆம் ஆண்டின் அச்சுச் சட்டத்திற்குப் பின் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மானைகளும் மாலைகளும் கதைப்பாடல்களும் மலிவு நூல்களாகப் பெருகின. சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் இவற்றைப் ‘பெரிய எழுத்து’ நூல்களாக வெளியிட்டன. எழுத்துக்கூட்டிப் படிப்போரும் விளக்கொளியில் படிப்போரும் தடுமாறாமல் வாசிக்க அந்தப் பருவெட்டு எழுத்து உதவியது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இசையோடு வாசிக்க, திண்ணையிலும் முற்றத்திலும் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். எனவே ஒரு நூல்படியின் பின்னே ஒரு வாசகரல்லர், ஒரு கூட்டமே இருந்தது.

அக்கூட்டத்தில் பெண்களுக்கு இக்கதை தனி உறவுடையது. ஒப்பாரிப் பாடல்களில் பிறந்தகத்தின் பெருமை, உடன்பிறந்தானின் அன்பு, அண்ணியின் புறக்கணிப்பு ஆகியவை திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லாத சமூகத்தில், மணமான பின் பிறந்தகத்தின் மீது அவளுக்கு எஞ்சியிருந்தது அண்ணனின் பாசமும் சீர்வரிசையுமே. அந்த ஒரே பிடிமானமும் கதவடைப்பில் அறுந்துவிடுகிறது. இழவு வீட்டில் பெண்கள் பாடி அழுத துயரமே கதை வடிவில் அவர்களிடம் திரும்பி வந்தது எனலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இக்கதையை நாடகமாக்கினார். 1950 இல் மலையாளத்திலும் 1955 இல் தமிழிலும் இது திரைப்படமாயிற்று. இதற்கிடையே ‘மூளி அலங்காரி’ என்ற பெயர் இரக்கமற்ற அண்ணியைக் குறிக்கும் வசையாகியது. பிள்ளைகளோடு கிணற்றில் விழும் தாய் எவளாயினும் அவளைக் குறிக்க ‘நல்லதங்காள்’ என்ற பெயர் ஆளப்படலாயிற்று.

முடிவின் இரு கூறுகள்

நல்லதங்காள் இறந்ததோடு கதை முடிவதில்லை. செய்தி அறிந்த நல்லதம்பி மூளி அலங்காரியைத் தண்டிக்கிறான். இழிவுபடுத்துதல் முதல் கொலை வரை இத்தண்டனை பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. பிறகு அவனும் உயிர் துறக்கிறான். சிவனும் பார்வதியும் தோன்றி இறந்தோரை எழுப்புவது மற்றொரு கூறு. எழுந்தவர்கள் மீண்டும் வாழ்ந்தனர் என்றும், தெய்வமாக நிலைபெற்றனர் என்றும் வழங்குவோருக்கேற்ப இது வேறுபடும்.

பிள்ளை உயிர்த்தெழும் முடிவு தமிழ்க் கேட்போருக்குப் புதிதன்று. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றில் அறுக்கப்பட்ட சீராளன் அழைத்ததும் ஓடி வருகிறான். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. சீராளன் இறைவனின் சோதனைக்காக மாண்டவன். சோதனை முடிந்ததும் அவன் மீள்வது அக்கதையின் தருக்கத்துக்கு உட்பட்டது. நல்லதங்காளின் பிள்ளைகள் பசியால் மாண்டவர்கள். அவர்களை எவரும் சோதிக்கவில்லை. அவர்களை மீட்கக் கதைக்குள் காரணம் ஏதுமில்லை. காரணம் கேட்போரிடம் இருந்தது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலேயே விட்டுவிட்டு வீடு திரும்ப அவர்கள் உடன்படவில்லை.

சாவுக்குப் பின் ஊர் திரும்புதல்

வில்லுப்பாட்டுக் கதைகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வன்முறையான அகால மரணமே மனிதரைத் தெய்வமாக்கும் அடிப்படை என விளக்கினார். கொல்லப்பட்டவர் கயிலை சென்று சிவனிடம் வரம் பெற்று மீண்டும் தம் நிலத்துக்கே வருவது இக்கதைகள் பலவற்றின் போக்கு. இங்கு மறுமை என்பது ஊரை விட்டு நிரந்தரமாக நீங்கும் இடமன்று. கயிலை ஒரு வழித்தங்கல். இறந்தவர் இருக்குமிடம் அவர் மாண்ட இடமே. தென்மாவட்டங்களில் மணமாகாது இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கொண்டு புத்தாடை படைத்து வழிபடுவதும் இக்கருத்தின்பாற்பட்டது.

அர்ச்சுனாபுரக் கோயிலை இப்பின்னணியில் காண வேண்டும். பிள்ளைகளைக் கொன்றவள் என்று சட்டமும் சாத்திரமும் ஒதுக்கக்கூடிய ஒருத்தியிடம் குழந்தைப்பேறு வேண்டி வழிபடும் வழக்கம் அங்கு உண்டு. அவள் செயலைக் குற்றம் எனக் கருதியிருப்பின் இவ்வழக்கம் தோன்றியிராது. பசியின் கொடுமையை அறிந்தோர் அவளைப் பற்றி அளித்த தீர்ப்பு அவ்வழிபாட்டில் அடங்கியுள்ளது.

அயல்நாட்டு நாவல் ஒன்றுடன் ஒப்பீடு

துயருற்றோர் ஒரு கதையிடம் மறுமை பற்றிய விடை கேட்ட மற்றொரு நிகழ்வு 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உண்டு. உள்நாட்டுப் போர் (1861-65) முடிந்த சில ஆண்டுகளில், 1868 இல், எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் எழுதிய ‘தி கேட்ஸ் அஜார்’ நாவல் வெளிவந்தது. போரில் தமையனை இழந்த மேரி என்னும் பெண்ணுக்குத் தேவாலயத்தாரின் வறண்ட போதனை ஆறுதல் தரவில்லை. அவளுடைய அத்தை, விண்ணுலகம் வீட்டைப் போன்றது, இழந்தவரை அங்கு மீண்டும் காணலாம் என்று தேற்றுகிறாள். நாவல் பெருமளவில் விற்பனையானது. சமய இதழ்கள் கடிந்தன. துயருற்ற வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். உற்றாரை இழந்த பெண்களை எண்ணியே அதை எழுதியதாக ஃபெல்ப்ஸ் 1896 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் குறிப்பிட்டார்.

கற்றோரின் கோட்பாடு ஆற்றாத துயரைக் கதை ஆற்றியது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஆனால் அந்த நாவல் தருவது மீள்சந்திப்பு என்னும் ஆறுதல் மட்டுமே. தமையனின் சாவுக்கு யார் பொறுப்பு என்பது அதன் கேள்வியன்று. நல்லதங்காள் கதையோ பிள்ளைகளை எழுப்பும் பாடத்திலும் மூளி அலங்காரியின் தண்டனையை விட்டுவிடுவதில்லை. இறந்தவர்கள் எழுந்துவிட்டார்களே, இனிப் பழி எதற்கு என்று அக்கூட்டம் அமைதியடையவில்லை.

சினத்தின் எல்லை

கேட்போரின் நீதியுணர்வுக்கும் ஓர் எல்லை இருந்தது. 12 ஆண்டுப் பஞ்சத்தில் குடிகளைக் காக்காத அரசன் காசிராசனே. கதை அவனைக் குற்றவாளியாக நிறுத்துவதில்லை. அவனும் துயரத்தில் பங்குபெறுபவனாகவே வருகிறான். அண்ணனும் வீட்டில் இல்லாததால் பழியிலிருந்து தப்புகிறான். பழி முழுவதும் அடுக்களையில் இருந்த ஒரு பெண் மீது இறங்குகிறது. நாடு தழுவிய பசிக்கு வீட்டுக்குள் ஒருத்தி பொறுப்பாக்கப்பட்டாள். கண்ணுக்குத் தெரியும் கதவை அடைத்தவளைக் கதை தண்டித்தது. களஞ்சியத்தின் கதவை அது தேடவில்லை. கதையின் நீதியைப் போற்றும் ஆய்வு இக்குறையையும் சொல்ல வேண்டும்.

தாயில்பட்டிப் பகுதியின் இன்றைய சூழல்

மழை குறைந்த இக்கரிசல் நிலம் 20 ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டியாலும் பட்டாசாலும் பிழைக்கத் தொடங்கியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய 1923 ஆம் ஆண்டை ஒட்டி இதன் தொடக்கம் அமைகிறது. வெயிலும் வறட்சியும் உழவுக்குப் பகையாயினும் இத்தொழிலுக்குத் துணையாயின. பஞ்சத்தில் ஊர் விட்டு ஊர் போன நிலை மாறி, உள்ளூரிலேயே கூலி கிடைத்தது. அதற்கு ஈடாக உயிர்களும் போயின. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகள் பலரைப் பலிகொண்டன. 2021 சூன் மாதத்தில் தாயில்பட்டியில் குடியிருப்பிலேயே வெடிவிபத்து நிகழ்ந்தது.

இச்சாவுகளும் அகால மரணங்களே. பிள்ளைகளின் சோற்றுக்காக வேலைக்குச் சென்ற தாய்மார் அவற்றில் உண்டு. விபத்தின் காரணம் பல வேளைகளில் ‘உராய்வு’ என்ற ஒரே சொல்லில் முடிக்கப்படுகிறது. மருந்தைக் கையாண்ட கை மட்டும் அச்சொல்லில் தெரிகிறது. அளவுக்கு மீறி மருந்து வைத்தது, ஓர் அறையில் கூடுதல் ஆட்களை அமர்த்தியது, ஆய்வு தவறியது ஆகியன தெரிவதில்லை. பெரிய பொறுப்பை அருகிலிருக்கும் எளியவர் மீது இறக்கும் பழக்கம் கதையில் போலவே இங்கும் தொடர்கிறது.

முடிவுரை

நல்லதங்காள் கதையின் முடிவுகள் அச்சுப்பிழைகளோ கூத்தாடிகளின் விருப்பச் சேர்க்கைகளோ அல்ல. அவை கேட்போர் விட்டுச்சென்ற வரலாற்றுச் சான்றுகள். உயிர்த்தெழும் முடிவில் ஆறுதல் வேண்டியோரின் குரலும், தண்டனையில் நீதி வேண்டியோரின் குரலும் பதிவாகியுள்ளன. இரண்டையும் ஒரே கதைக்குள் விடாது காத்தமையே இக்கூட்டத்தின் தனித்தன்மை. கிடைக்கும் பெரிய எழுத்துப் பதிப்புகளையும் நாடகப் பிரதிகளையும் முடிவுகளின் அடிப்படையில் ஒப்பிட்டால், எக்காலத்தில் எக்குரல் ஓங்கியது என்பதை மேலும் தெளிவாக அறியலாம். வைப்பாற்றுக் கரையூர்களில் இன்றும் பாடப்படும் ஒப்பாரிகளை அவற்றோடு சேர்த்துத் தொகுப்பது அதற்குத் தேவையான அடுத்த பணி.